எது சல்லிசு? மெடிக்கல் பாலிசி விலையை ஒப்பிடத் தெரிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

நான்கு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். மதுரையிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பாலிசி இருந்தது, கேஷ்லெஸ் (பில்லைக் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேராகக் கட்டுவது) ஒப்புதலும் வந்துவிட்டது. டிஸ்சார்ஜ் அன்று கவுன்ட்டரில், "உங்க பங்கு 31,000 ரூபா கட்டணும் சார்" என்றார்கள்.

பாலிசித் தொகை 3 லட்சம். ரூம் வாடகை நாளுக்கு 1 சதவீதம், அதாவது 3,000 ரூபாய் என்று அதில் எழுதியிருந்தது. அப்பா ராத்திரி நாலைந்து தடவை எழுந்திருப்பார், தனி ரூம் இருந்தால் நல்லது என்று 4,500 ரூபாய் ரூம் எடுத்தேன். நாளுக்கு 1,500 வீதம் நாலு நாளைக்கு 6,000 கூடும், போகட்டும் என்பது என் கணக்கு. கம்பெனி போட்ட கணக்கு வேறு. தகுதியான வாடகை நான் எடுத்த வாடகையில் மூன்றில் இரண்டு பங்குதானே, அதனால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் எல்லாவற்றிலும் மூன்றில் இரண்டு பங்குதான் தருவோம் என்று அந்த 60,000 ரூபாயில் 20,000-ஐக் கழித்துவிட்டார்கள். அதோடு வாடகை வித்தியாசம் 6,000. கையுறை, பஞ்சு, முகக்கவசம் போன்ற சில்லறைப் பொருட்களுக்கு 5,000. ஆக 31,000.

ரூம் வாடகை வரம்பே இல்லாத பாலிசி அப்போது வருஷத்துக்கு 4,000 கூடுதலாக இருந்தது. "சல்லிசா இருக்கே" என்று வரம்பு உள்ள இதை எடுத்தது நான்தான்.

நான் ஏஜென்ட் இல்லை. கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவன். அந்த டிஸ்சார்ஜுக்குப் பிறகு பாலிசித் தாள்களை வரி விடாமல் படிக்கும் பழக்கம் வந்தது. அக்கம்பக்கக் கடைக்காரர்கள் இப்போது அவரவர் தாள்களையும் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். போன மாதம் பக்கத்துக் கடை அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, ஒருத்தன் 12,000-ங்கிறான், இன்னொருத்தன் 19,000-ங்கிறான். எது சல்லிசு?" அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், கையில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

பணம் கொடுத்து வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று தொடங்கி, 2012-இல் இந்தப் பெயருக்கு மாறியது. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைத்தார்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. நாம் கட்ட வேண்டிய பிரீமியம் எதுவும் இல்லை. வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்குத்தான் இந்த அட்டை செல்லும். பெரியாஸ்பத்திரியிலும், திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் பயன்படுத்தலாம். ஆனால் ஒரே ஆஸ்பத்திரியில்கூட எல்லாப் பிரிவுக்கும் அங்கீகாரம் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சேர்வதற்கு முன்பே அங்குள்ள திட்ட அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சம்பளம் மாதம் 21,000-க்குள் இருந்து, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறதா? சம்பளத்தில் 0.75 சதவீதம்தான் நம் பங்கு, 3.25 சதவீதம் முதலாளி கட்டுகிறார். 21,000 வாங்குகிறவருக்கே மாதம் 158 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மனைவி மக்களுக்கும், நம்மை நம்பி இருக்கும் தாய் தந்தைக்கும் அதில் வைத்தியம் உண்டு. வயது கூடினால் பிடித்தம் கூடுவதும் இல்லை. தத்தனேரி இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வேண்டுமே என்று சலித்துக்கொள்கிறவர்கள் இந்த 158-ஐத் தனியார் பிரீமியத்துக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கலாம்.

கம்பெனி வேலையில் இருப்பவர்களுக்கு ஆபீஸ் குரூப் பாலிசி இருக்கும். அது நல்லதுதான், ஆனால் வேலையை விட்ட அன்றே அதுவும் போய்விடும். ஐம்பத்தெட்டு வயதில் புதிதாகத் தனிப் பாலிசி தேடுவது பெரிய தலைவலி. ஆபீஸ் பாலிசி இருக்கும்போதே சின்னதாக ஒன்று தனியாக ஓடிக்கொண்டிருக்கட்டும்.

அடுத்து, ஒரு தாளில் குடும்பத்தை எழுதுங்கள்

பெயர், வயது, இருக்கிற நோய், சாப்பிடும் மாத்திரை. அப்புறம், உடம்புக்கு முடியவில்லை என்றால் நிஜமாகவே எந்த ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள் என்பது. மேலூர்க்காரர் மீனாட்சி மிஷனுக்குப் போவார், கே.கே. நகரில் இருப்பவர் அப்போலோ என்பார், ரிங் ரோடு பக்கம் வேலம்மாள் இருக்கிறது. உசிலம்பட்டியிலோ திருமங்கலத்திலோ இருப்பவர் முதலில் ஊரில் உள்ள நர்ஸிங் ஹோமுக்குத்தான் ஓடுவார். இந்த மூன்று நான்கு பெயர்களை எழுதிக்கொண்டு, ஆஸ்பத்திரியின் இன்சூரன்ஸ் டெஸ்க்குக்கே போன் போட்டு, "இந்தக் கம்பெனிக்கு கேஷ்லெஸ் இப்போ ஓடுதா?" என்று கேளுங்கள். கம்பெனி இணையதளத்தில் உள்ள பட்டியலைவிட அவர்கள் வாய்ச்சொல்லையே நான் நம்புவேன்.

எந்த ஊர் முகவரியைக் கொடுக்கிறோம் என்பதிலும் பணம் இருக்கிறது. பல கம்பெனிகள் ஊர்களை மண்டலமாகப் பிரித்து விலை போடுகின்றன. பெருநகரங்களுக்கு அதிகம், மதுரை போன்ற ஊர்களுக்குக் குறைவு. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் மகன், இங்கே இருக்கும் அப்பா அம்மாவுக்குத் தன் முகவரியைப் போட்டு வாங்கினால் வீணாகக் கூடுதல் கட்டுவார். ஆனால் சில பாலிசிகளில் மதுரை விலைக்கு வாங்கிவிட்டுச் சென்னையில் வைத்தியம் பார்த்தால் பில்லில் ஒரு பங்கு நம் தலையில் விழும். பெரிய வைத்தியம் என்றால் சென்னைக்குத்தான் என்று இருக்கும் குடும்பம் இதை முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தராசுக்குப் படிக்கல்

அண்ணாச்சி கேட்ட 12,000, 19,000 இரண்டும் வெவ்வேறு சரக்கு. ஒன்று பொன்னி, இன்னொன்று இட்லி அரிசி. மூட்டை விலையை மட்டும் பார்த்தால் எப்படித் தெரியும்?

இதற்கு ஒரு வழி உண்டு. ஆரோக்கிய சஞ்சீவனி என்று ஒரு பாலிசி. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துக் கொடுத்து, 2020 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. எந்தக் கம்பெனியில் வாங்கினாலும் உள்ளே உள்ள விதிகள் ஒன்றுதான், விலை மட்டும் மாறும். ரூம் வாடகை பாலிசித் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளுக்கு 5,000. ஐ.சி.யூ.வுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 10,000. கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 40,000 அல்லது பாலிசித் தொகையில் கால் பங்கு, இதில் எது குறைவோ அது. எந்த க்ளைம் வந்தாலும் 5 சதவீதம் நாம் போட வேண்டும்.

உங்கள் வயதுக்கு இந்த ஒரே பாலிசியின் விலையை நாலைந்து கம்பெனிகளில் கேட்டு எழுதுங்கள். இங்கே எந்த விற்பனைப் பேச்சும் எடுபடாது, விலை வித்தியாசம் அப்படியே தெரியும். அதன்பிறகு ஏஜென்ட் காட்டும் ஒவ்வொரு பாலிசியையும் இதன் பக்கத்தில் வையுங்கள். இதைவிட 6,000 அதிகமா? அந்த 6,000-க்கு என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? சஞ்சீவனியைவிடக் குறைவா? அப்படியானால் எதை எடுத்துவிட்டான் என்று தேட வேண்டும். எதையாவது எடுத்திருப்பான்.

விலையைக் குறைக்க அவர்கள் கை வைக்கும் இடங்கள்

ரூம் வாடகை பற்றிச் சொல்லிவிட்டேன். பங்கு குறைத்துக் கழிக்கும் கணக்கு மருந்து, உள்ளே பொருத்தும் கருவிகள், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை ஆகியவற்றுக்குச் செல்லாது, ஐ.சி.யூ.வுக்கும் செல்லாது. பில்லில் அதிலும் கை வைத்திருந்தால் கேளுங்கள்.

இரண்டாவது, பங்குத் தொகை, அதாவது ஒவ்வொரு பில்லிலும் நாம் போட வேண்டிய சதவீதம். கோ-பே என்பார்கள். வயதானவர்களுக்கான பாலிசிகளில் 20, 30 சதவீதம்கூட இருக்கும். 2 லட்ச ரூபாய் பில்லில் 30 சதவீதம் என்றால் 60,000. "அப்பாவுக்குச் சல்லிசா கிடைச்சுது" என்று யாராவது சொன்னால் முதலில் இந்த வரியைத்தான் தேடுவேன்.

மூன்றாவது, காத்திருப்புக் காலம். பாலிசி எடுத்து முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் பணம் கிடைக்கும். கண்புரை, குடலிறக்கம், மூலம், கல்லடைப்பு, மூட்டு மாற்று போன்றவற்றுக்குப் பெரும்பாலும் 2 வருஷம் காத்திருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, பிரஷர் போன்றவற்றுக்கு முன்பு 4 வருஷம் வரை போட்டார்கள், 2024 ஏப்ரலில் இருந்து 3 வருஷத்துக்கு மேல் போடக் கூடாது. சில கம்பெனிகள் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு இதையும் குறைக்கின்றன. பிரசவத்துக்குத் தனிக் காத்திருப்பு உண்டு, பாலிசிக்குப் பாலிசி மாறும். கல்யாணம் ஆன கையோடு எடுத்தால்தான் அது உதவும்.

சித்தா, ஆயுர்வேதம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2024 ஏப்ரல் முதல் ஆஸ்பத்திரியில் தங்கிப் பார்க்கும் ஆயுஷ் சிகிச்சைக்கும் மற்ற சிகிச்சைகளைப் போலவே முழுத் தொகை வரை தர வேண்டும். பழைய பாலிசித் தாளில் தனி வரம்பு இருந்தால் ரென்யூவலில் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

தனித்தனியா, எல்லோருக்கும் சேர்த்தா?

ரொம்பப் பேர் தவறு செய்யும் இடம் இது. ஃபேமிலி ஃப்ளோட்டர் என்றால் ஒரே தொகையைக் குடும்பம் பங்கிட்டுக்கொள்வது. 10 லட்சம் என்றால் நால்வருக்கும் சேர்த்து 10 லட்சம். தனிப் பாலிசி என்றால் ஆளுக்கு ஒரு 10 லட்சம். ஃப்ளோட்டருக்குப் பெரும்பாலும் குடும்பத்தில் மூத்தவரின் வயதை வைத்துத்தான் விலை போடுவார்கள்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் நான் கணக்குக்காக வைத்தவை, உங்கள் கம்பெனி சொல்லும் எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கணவனுக்கு 42, மனைவிக்கு 38, பிள்ளைகளுக்கு 12, 8. தனித்தனியாக 9,000, 8,000, 5,000, 5,000 என்றால் மொத்தம் 27,000. நால்வருக்கும் ஃப்ளோட்டர் 20,000. இங்கே ஃப்ளோட்டர்தான் சரி. சின்ன வயதுக் குடும்பத்தில் ஒரே வருஷத்தில் இரண்டு பேர் படுக்கையில் விழுவது அபூர்வம். தீர்ந்த தொகையை அதே வருஷம் மறுபடி நிரப்பும் வசதியும் இப்போது பல பாலிசிகளில் உண்டு.

அதே ஃப்ளோட்டரில் 68 வயது அப்பாவையும் 63 வயது அம்மாவையும் சேர்த்தால் என்ன ஆகும்? விலை 68 வயதுக்கு ஏறிவிடும். 75,000 என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அப்பா அம்மாவை மட்டும் பிரித்து 5 லட்சத்துக்குத் தனியாக எடுத்தால் 45,000. இதோடு நம் 20,000 சேர்த்தால் 65,000. பத்தாயிரம் மிச்சம். அதைவிட முக்கியம், அப்பாவின் ஆஞ்சியோவில் பேரப்பிள்ளையின் பங்கு கரையாது. கூட்டுக் குடும்பம் கெட்டிக்காரத்தனம்தான், பாலிசியில் மட்டும் பெரியவர்களைத் தனிக்குடித்தனம் வைத்துவிடுங்கள்.

கணவன் மனைவியில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்து, அதற்காகக் கம்பெனி கூடுதல் பிரீமியம் கேட்டால், அப்போதும் பிரித்துப் போட்டு ஒருமுறை விலை கேட்டுவிடுங்கள். வித்தியாசம் சில நேரம் ஆச்சரியமாக இருக்கும்.

இந்த வருஷ விலையோடு நிற்க வேண்டாம். ஒவ்வொரு பாலிசிக்கும் வயதுவாரியான பிரீமியம் அட்டவணை உண்டு, கேட்டால் தருவார்கள். 42 வயதுக்காரர் 46, 51, 56, 61 ஆகிய வரிசைகளையும் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி இன்றைக்குக் குறைவாகச் சொல்லி 51-இல் ஒரே தாண்டாகத் தாண்டும், இன்னொன்று மெதுவாக ஏறும். அட்டவணையே அவ்வப்போது மாறும் என்பது வேறு விஷயம். அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும் ஒரு தடுப்பு உண்டு: 2025 தொடக்கத்தில் வந்த உத்தரவுப்படி, ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யைக் கலந்தாலோசிக்காமல் வருஷத்தில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் பிரீமியத்தை ஏற்றக் கூடாது.

பெரிய தொகை வேண்டும், பணம் இல்லை என்றால்

25 லட்சத்துக்கு நேரடியாக எடுப்பதைவிட 5 லட்சத்துக்கு ஓர் அடிப்படைப் பாலிசியும், அதற்கு மேல் 20 லட்சத்துக்கு ஒரு சூப்பர் டாப்-அப்பும் எடுத்தால் பெரும்பாலும் செலவு குறையும். முதல் 5 லட்சத்தை அடிப்படைப் பாலிசியோ, ஆபீஸ் பாலிசியோ, நம் கைக்காசோ பார்த்துக்கொள்ளும், அதைத் தாண்டியதைச் சூப்பர் டாப்-அப் தரும். வெறும் டாப்-அப் என்றால் வாங்காதீர்கள். அது ஒவ்வொரு அட்மிஷனையும் தனித்தனியாகப் பார்க்கும். ஒரே வருஷத்தில் 3 லட்சம் ஒருமுறை, 4 லட்சம் ஒருமுறை செலவானால், எதுவும் 5 லட்சத்தைத் தாண்டவில்லை என்று கையை விரித்துவிடும். சூப்பர் டாப்-அப் வருஷ மொத்தமான 7 லட்சத்தைப் பார்த்து 2 லட்சம் தரும்.

வரி

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. முன்பு 18 சதவீதம். பழைய ரசீதோடு இப்போதைய விலையை ஒப்பிடுகிறவர்கள் பழையதில் வரியைக் கழித்துவிட்டுப் பார்க்கவும், இல்லாவிட்டால் கம்பெனி விலை ஏற்றியதே தெரியாமல் போகும். வருமான வரியில் பழைய முறையில் இருப்பவர்கள் மருத்துவப் பிரீமியத்துக்காக வருமானத்தில் தமக்கும் மனைவி மக்களுக்கும் 25,000 வரை, அறுபது தாண்டிய பெற்றோருக்கு 50,000 வரை கழிக்கலாம். பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் இந்தக் கழிவு இல்லை. புது முறையில் இந்தக் கழிவே கிடையாது.

கையெழுத்துப் போடும்போது

"சர்க்கரையை எழுதாதீங்க அண்ணே, பிரீமியம் ஏறிடும், மூணு வருஷம் ஓடுனா யாரும் கேக்க மாட்டாங்க." இப்படிச் சொல்லும் ஏஜென்ட்டைக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். மறைத்ததைக் காரணம் காட்டி க்ளைமை மறுக்கும் உரிமை 5 வருஷம் வரை கம்பெனிக்கு இருக்கிறது, மோசடி என்று நிரூபித்தால் அதற்குப் பிறகும் மறுக்கலாம். ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டில் "எட்டு வருஷமாச் சர்க்கரை" என்று நாமே சொல்லி எழுத வைத்திருப்போம், அது போதும் அவர்களுக்கு. விண்ணப்பத்தை ஏஜென்ட் நிரப்பினாலும் கையெழுத்து நம்முடையது. இருப்பதை எழுதுங்கள், போன வருஷம் எடுத்த ஆஞ்சியோ உட்பட.

பாலிசியோடு வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று வரும். எதற்குப் பணம் உண்டு, எதற்கு இல்லை, காத்திருப்பு எவ்வளவு, பங்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் சுருக்கமாக இருக்கும். தமிழில் கேட்டு வாங்கலாம். பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், சில கழிவுகள் போகப் பணம் திரும்ப வரும். அந்த 30 நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தை இதற்கு ஒதுக்குங்கள்.

ரென்யூவல் தேதி தவறினால் வருஷப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு. ஆனால் பாலிசி முடிந்த நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடையில் ஆஸ்பத்திரியில் படுத்தால் அந்தச் செலவு நம்முடையது.

கம்பெனி பிடிக்கவில்லை என்றால்

மாற்றிக்கொள்ளலாம். ரென்யூவல் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே புதுக் கம்பெனியிடம் விண்ணப்பிக்க வேண்டும். பழைய தொகை வரைக்கும், காத்திருந்த வருஷங்கள் கூடவே வரும். புதுக் கம்பெனி மறுக்கவும் செய்யலாம், அதனால் பதில் வரும்வரை பழையதை விட்டுவிட வேண்டாம்.

க்ளைம் தகராறு என்றால் முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 155255 எண்ணிலும், பீமா பரோசா என்ற அதன் புகார் இணையதளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஒம்பட்ஸ்மேனுக்கு (தகராறைக் கேட்டுத் தீர்க்கும் அதிகாரி) எழுதலாம். 50 லட்சம் வரையிலான தகராறுகளை அவர் பார்ப்பார். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. கம்பெனி கைவிரித்த ஒரு வருஷத்துக்குள் எழுதிவிட வேண்டும்.

அப்பாவின் பாலிசியைப் போன வருஷம் இப்படித்தான் மாற்றினேன். ரூம் வாடகை வரம்பு இல்லை, பங்குத் தொகை 10 சதவீதம். அண்ணாச்சியின் 12,000 ரூபாய்ப் பாலிசியைப் பிரித்துப் பார்த்தால் அதில் 20 சதவீதப் பங்கும், 1 சதவீத ரூம் வாடகையும் இருந்தன. அவர் 19,000-ஐயும் எடுக்கவில்லை. இரண்டு தாளையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அந்தச் சஞ்சீவனி விலையை நாலு இடத்துல கேட்டுட்டு வர்றேன் தம்பி" என்று போயிருக்கிறார்.